வல்வில் ஓரியும் மெய்ப்பொருள் நாயனாரும்

திருச்சிற்றம்பலம்

மக்கள் வரலாறு எழுதுவோர் பலர் போர்களையே எல்லைக் கற்களாக நட்டு, அவற்றினிடையே காலத்தை அளந்து செல்கின்றனர். எவ்வரசன் எந்நாட்டை எவ்வாண்டில் வென்றான் என்பதை அறிந்தவரே வரலாறு அறிந்தவர் எனவும் மதிக்கப்படுகின்றனர். இம்முறை முற்றும் பிழையென்று தள்ளத்தக்கதன்று. போரினால் நாடுகள் கைமாறின, குடிகள் இடம்பெயர்ந்தனர், ஊர்கள் பாழாயின. ஆயினும், மக்களின் உள்ளத்தையும் ஒழுக்கத்தையும் மாற்றியவை அப்போர்களோ, அன்றி அப்போர்கள் ஓய்ந்த பின்னரும் ஓயாது நின்ற கருத்துக்களோ என்பது ஆராயற்பாலது. இதனை ஆராயப் பேரரசுகளின் சரித்திரம் முழுவதையும் புரட்ட வேண்டுவதில்லை. தமிழகத்துக் கொல்லிமலையின் வரலாறு ஒன்றே போதிய சான்றாகும்.

கொல்லிமலை இன்று நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. சங்கச் செய்யுட்களிற் பலகாலும் பயின்று வரும் மலைகளுள் இஃதொன்று. தேனும் பலாவும் மிக்கது. தெய்வத்தால் அமைக்கப்பட்ட கொல்லிப்பாவை என்னும் பாவையை உடையது. ஓரி என்னும் வில்லாண்மை மிக்க தலைவனால் ஆளப்பட்டது. அவன் முள்ளூர்த் தலைவனாகிய மலையமான் திருமுடிக்காரியாற் கொல்லப்பட்டான். காரி அம்மலையைச் சேரனுக்கு அளித்தான். போர்களைக் கொண்டே வரலாறு எழுதுவோர்க்கு இத்துணையே செய்தி. ஒரு தலைவன் இறந்தான். ஒரு மலை கைமாறியது. ஒரு பேரரசு பெருகியது என்று எழுதி அவர் மேற்செல்வர். சங்கப் புலவர் அவ்வாறு எழுதி மேற்சென்றாரல்லர் என்பதே ஈண்டுக் கருதத்தக்கது.

ஓரியைப் பற்றி வன்பரணர் பாடிய புறநானூற்றுச் செய்யுட்கள் இரண்டு உள. அவற்றுள் ஒன்று 152 ஆம் செய்யுள். வேட்டுவன் ஒருவன் எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியின் வாயிற் புகுந்து, மானை உருட்டி, பன்றியைச் சாய்த்து, புற்றிலிருந்த உடும்பிற் சென்று தைத்தது. அவ்வழியே சென்ற பாணர் கூட்டம் அவனை இன்னானென்று அறியாது, அவன் முன்னே இசைத்துறைகளையெல்லாம் முறையே பாடிக் காட்டியது. ஈற்றிலே தலைவனைக் குறிக்குஞ் சொல்லைக் கூறியபொழுது, அது தனக்குரிய பெயராதலின் அவ்வேட்டுவன் நாணினான். நாணியவன் தான் வேட்டையாடிய மானின் ஊனும் உண்டற்குரிய தேறலும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணிக்குவையையும் அக்காட்டுவழியிலேயே வழங்கினான். மற்றொரு செய்யுளாகிய 153 இல், அவனிடம் பரிசில் பெற்று மீண்ட கூத்தர் பசி தீர்ந்த களிப்பினால் ஆடவும் இயலாராய்ப் பாடலையும் மறந்தனர் என்கின்றார் புலவர். வில்லின் வன்மையைச் சொல்லத் தொடங்கிய புலவர் நாணத்திலும் கொடையிலும் சென்று முடிகின்றார். வில் தோற்றுவாய், கொடையே முடிபு.

இனிக் காரியை நோக்குக. அவனும் சிறியனல்லன். கபிலர் அவனைப் புறநானூற்றின் 121 முதல் 124 வரையுள்ள நான்கு செய்யுட்களாற் பாடியுள்ளார். அவன் நாடு அந்தணர்க்கு உரியது. மூவேந்தருள் ஒருவர் தமக்குத் துணையாக வருகவென்று விடுக்கும் பொருளோ பரிசிலர்க்கு உரியது. தனக்கென்று அவன் வைத்துக்கொண்டது தன் மனைவியின் தோள்களையன்றிப் பிறிதில்லை என்பது 122 ஆம் செய்யுளின் கருத்து. இப்புகழ்ச்சியினுள்ளே ஓர் உண்மை ஒளிந்து கிடக்கின்றது. காரி, வேந்தர் பொருள் விடுத்து அழைக்கச் சென்று போர் செய்து கொடுத்தவன். அவன் வாள் பிறர்க்காக உயர்ந்த வாள். ஓரியின்மேல் அவனுக்குத் தனிப்பகை இருந்ததாக இச்செய்யுட்களிற் குறிப்பில்லை. கொல்லி சேரர்க்குச் சென்றது என்பதே அப்போர் எவர்பொருட்டு நிகழ்ந்ததென்பதை உணர்த்தும்.

இவ்விடத்து ஒரு தடை எழுகின்றது. ஓரியைப் பாடியவரும் புலவர். ஓரியைக் கொன்ற காரியைப் பாடியவரும் புலவர். பெருஞ்சித்திரனார் புறநானூற்று 158 ஆம் செய்யுளில் வள்ளல் எழுவரை எண்ணுமிடத்து ஓரியையும் காரியையும் அடுத்தடுத்து வைத்தனர். இடைக்கழிநாட்டு நல்லூர் நத்தத்தனார் சிறுபாணாற்றுப்படையில் அவ்வெழுவரையே எண்ணி, இருவரும் பொருத செய்தியையும் உடன் கூறினர். கொல்லப்பட்டானும் கொன்றானும் ஒரே வரிசையில் நிற்பது யாங்ஙனம் பொருந்தும்? பசித்த புலவர் தமக்குச் சோறிட்டாரையெல்லாம் புகழ்ந்தனர். அறமும் மறமும் அவர்க்கு ஒன்றே என்பதன்றோ இதனாற் பெறப்படும்? இஃது இக்காலத்தார் பலர் நிகழ்த்தும் தடை. மேலோடு நோக்குவார்க்கு இது வலியுடையதுபோலவே தோன்றும்.

அற்றன்று, செய்யுட்களைச் சொல்தோறும் நோக்கின் அத்தடை நில்லாது. அகநானூற்று 209 ஆம் செய்யுளைப் பாடியவர் கல்லாடனார். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரலர்க்கு ஈந்தான் என்னுஞ் செய்தி அதன்கண் உள்ளது. அச்செய்தியைக் கூறுங்கால் புலவர் இருவர்க்கும் அடைகொடுக்கும் வகையை உற்று நோக்குக. காரிக்கு அவனது ஊரும் அவன் பூண்ட அணியும் அடையாயின. ஓரிக்கோ, அழியாத நல்ல புகழை நிலைநிறுத்தியவன் என்பது அடையாயிற்று. கொன்றவனுக்கு நாடும் அணியும். கொல்லப்பட்டவனுக்கு மாயாப் புகழ். இறந்தான் என்று கூறும் அந்த வாக்கியத்துக்குள்ளேயே இறவாதவன் எனக் கூறிவிட்டார் புலவர். பரிசில் கருதிப் புகழ்பவராயின், மாண்டுபோன ஓரியிடம் அவர் எதிர்பார்க்கத்தக்கது யாது?

இன்னும் அச்செய்யுளிற் சேரர்க்குக் கொல்லி சென்றதைக் குறிக்கும் சொல் ஈதல் என்னும் வினையின்பாற்பட்டது. ஈ, தா, கொடு என்னும் மூன்று சொற்களையும் தொல்காப்பியனார் எச்சவியலிற் பாகுபடுத்துக் கூறினார். இரப்பவன் கொடுப்பவனினும் தாழ்ந்தவனாயின் ஈ என்பான். ஒத்தவன் தா என்பான். உயர்ந்தவன் கொடு என்பான். செய்யுள் வழக்கெல்லாம் இவ்விதியின்வழியே நிற்குமென்று இறுகப் பற்றவேண்டுவதில்லை. ஆயினும், இலக்கணம் அறிந்த செவிக்கு அச்சொல்லிலே ஒரு குறிப்புத் தோன்றாமற் போகாது. முடியுடை வேந்தனாகிய சேரன் ஒரு குறுநிலத் தலைவனிடம் ஈயப்பெறுவோன் நிலையில் நிற்கின்றான். பொன்னும் மணியும் ஓரியிடம் பெற்ற பாணனுக்கும், அவ்வோரியின் மலையைக் காரியிடம் பெற்ற வேந்தனுக்கும் உள்ள வேறுபாடு யாது? பாணன் பெற்றது ஒருவன் உவந்து கொடுத்த பொருள். வேந்தன் பெற்றது ஒருவனைக் கொன்று கொணர்ந்த பொருள். இவருள் எளியவன் எவன் என்பதைக் கற்பார் துணிவாராக.

கபிலர் நற்றிணை 320 ஆம் செய்யுளில் இந்நிகழ்ச்சியை மற்றொரு முகமாகக் காட்டுகின்றார். ஓரி கொல்லப்பட்ட பின்னர் அவனது பெருந்தெருவிற் காரி புகுந்தபொழுது எழுந்த பேரொலியை அவர் உவமையாக எடுத்தனர். அஃது அகத்திணைச் செய்யுள். பரத்தையொருத்தி தெருவிற் செல்ல, ஊரில் எழுந்த ஆரவாரத்துக்கு அவ்வொலி உவமையாயிற்று. காரியை நான்கு செய்யுட்களாற் புகழ்ந்த புலவரே, அவன் வெற்றியை உவமிக்க நேர்ந்தவிடத்து, அவன் வாளின் ஒளியையோ குதிரையின் விரைவையோ எடுத்தாரல்லர். தலைவனை இழந்த ஊரின் கலக்கத்தையே எடுத்தனர். பாரியையும் பறம்பையும் வேந்தர் பகையால் இழந்த துயரை நேரில் அறிந்தவர் கபிலர். வென்றவன் தெருவிற் புகும் ஒலி, தோற்ற ஊரார் செவியில் எவ்வாறு படும் என்பது அவர் அறியாததன்று.

புலவர் புகழ மட்டும் அறிந்தவர் அல்லர் என்பதற்கும் சான்றுண்டு. காரியை நோக்கிக் கபிலர் கூறிய 121 ஆம் செய்யுள் ஓர் இடித்துரை. ஈதல் எளிது; வருவாரின் தரம் அறிந்து ஈதலே அரிது; புலவரை எல்லோரோடும் ஒப்பப் பொதுவாக நோக்குதலை விடுக என்பது அதன் கருத்து. கழைதின் யானையார் ஓரியை நோக்கிக் கூறிய 204 ஆம் செய்யுள் இதனினும் ஆழமுடையது. ஈயென்று இரத்தல் இழிவு. இரந்தார்க்கு ஈயேன் என்றல் அதனினும் இழிவு. கொள்ளுக எனக் கொடுத்தல் உயர்வு. கொள்ளேன் என மறுத்தல் அதனினும் உயர்வு. தெளிந்த நீர்ப்பரப்பாயினும் கடலை வேட்கையுற்றார் உண்ணார். கலங்கிய சிறு நீராயினும் உண்ணும் நீரை நாடியே வழிகள் பல செல்லும். பரிசில் கிடையாத பொழுதும் பரிசிலர் கொடாதவனைப் பழியார். தாம் புறப்பட்ட நிமித்தத்தையே நொந்துகொள்வர். இக்கருத்தைப் பாடியவரைச் சோற்றுக்குப் பாடியவர் என்பது அடாது. கொடுத்தலும் கொள்ளுதலும் மக்களுறவில் எந்நிலையில் நிற்றல் வேண்டும் என்னும் பெரிய வினாவுக்கு அப்புலவர் நான்கு படிகளில் விடையிறுத்துவிட்டனர்.

எனவே, ஓரியும் காரியும் ஒரு வரிசையில் நின்றது கொன்றமை பற்றியோ வென்றமை பற்றியோ அன்று. ஈகை என்னும் ஒரு துலையில் இருவரும் நிறுக்கப்பட்டனர். போரை அளவுகோலாகக் கொண்டால் ஒருவன் மேலும் ஒருவன் கீழுமாவர். கொடையை அளவுகோலாகக் கொண்டமையால் ஒத்து நின்றனர். அளவுகோலை மாற்றியதே புலவர் செய்த பெருஞ்செயல். வாளால் ஆள்வோரை நாக்கினால் ஆண்டவர் அவர்.

வாளின் வெற்றி எத்துணைக்காலம் நிலைபெற்றது என்பதையும் காண்க. காரியின் கோவலூரை அதியமான் நெடுமான் அஞ்சி வென்றான் என்பது ஔவையார் பாடிய புறநானூற்று 99 ஆம் செய்யுளாற் பெறப்படும். அதியமான் ஒருவனையும் இருபெரு வேந்தரையும் கொல்லிக் கூற்றத்திலே பெருஞ்சேரல் இரும்பொறை வென்று தகடூரை அழித்தான் எனப் பதிற்றுப்பத்தின் எட்டாம் பதிகம் கூறும். ஒருவன் வென்றதை மற்றொருவன் வெல்ல, அவன் வென்றதைப் பின்னொருவன் கொள்ள, இவ்வாறே அச்சக்கரம் சுழன்றது. கொல்லியும் கோவலூரும் தகடூரும் ஒரு கையிலும் நிலைத்தில.

நிலைத்தது வேறொன்று. திருக்கோவலூரை அடுத்த சம்பை என்னும் ஊரின் பாறையிலே தமிழி எழுத்தாற் பொறிக்கப்பட்ட ஒரு சிறு கல்வெட்டு 1981 ஆம் ஆண்டிற் கண்டறியப்பட்டது. சத்தியபுத்திரன் அதியன் நெடுமான் அஞ்சி அளித்த பாழி என்பது அதன் பொருள். பாழியாவது துறவோர் தங்குதற்குரிய குகையிடம். கோவலூரை வென்றவன் என்று புலவர் பாடிய அதே பெயரினன், அக்கோவலூருக்கு அருகே கல்லிற் பொறித்து வைத்தது வெற்றியையன்று. துறவோர்க்கு அளித்த கல்லிடத்தை. அவ்வெற்றியாற் பெற்ற நாடு அவன் வழியினர்க்கு நிலைக்கவில்லை. கொடுத்த இடத்தின் செய்தியோ இரண்டாயிரம் ஆண்டு கடந்து நின்றது.

சத்தியபுத்திரர் என்னும் அப்பெயர் அசோகனுடைய இரண்டாம் பாறைச் சாசனத்திற் சோழ பாண்டியரோடும் கேரளபுத்திரரோடும் கூறப்படுவது. அவ்வசோகன் கி.மு. 261 ஐ ஒட்டிக் கலிங்கநாட்டை வென்றான். அப்போரில் ஓரிலக்கம் பேர் கொல்லப்பட்டனர் என்றும், ஒன்றரை இலக்கம் பேர் நாட்டினின்றும் கொண்டுசெல்லப்பட்டனர் என்றும், வேறு காரணங்களால் மாண்டார் அதனினும் பன்மடங்கினர் என்றும் அவனே தன் பதின்மூன்றாம் சாசனத்திற் கூறி வருந்தினான். அறத்தால் வெல்லும் வெற்றியே தலையாய வெற்றி என்பது அவன் கண்ட முடிபு. கலிங்கப் போர் பேசப்படுவது அதனால் மோரியர் நாடு விரிந்தமையாலன்று. வென்றவன் நெஞ்சு நொந்தமையாலேயே. வடநாட்டில் வேந்தன் ஒருவன் தன் வாயாற் சொல்லியதைத் தென்னாட்டில் வேந்தர்க்காகப் புலவர் சொல்லினர்.

ஆயினும், கொடை ஒன்றே முடிந்த முடிபாகுமோ எனின், ஆகாது. இவ்விடத்தே சைவ நூலுணர்ச்சி வேண்டப்படும். ஓரியும் காரியும் ஈந்தது புகழ் நோக்கிய ஈகை. அஃது உயர்ந்ததே, எனினும், யான் ஈந்தேன் என்னும் செருக்கு அதன் அடியில் முற்றும் அறுந்ததென்று கூறவொண்ணாது. பசுபுண்ணியம், சிவபுண்ணியம் எனச் சித்தாந்த நூலார் புண்ணியத்தை இருவகைப்படுத்தினர். யான் எனது என்னும் பற்றோடு செய்யப்படும் அறம் இன்பத்தைத் தந்து பின் கழிவது; இறைவனையே பொருளெனக் கொண்டு செய்யப்படுவதே பிறவியை அறுப்பது. மேலும், புகழ் நோக்கிய ஈகை வாளோடு உடனுறையவல்லது. காரி ஒரு கையாற் கொன்று ஒரு கையால் ஈந்தான். அவ்விரு கையும் ஓருடம்பில் இருந்தன என்பதே பழந்தமிழர் வாழ்வின் பெருமையும் குறையுமாம்.

அக்குறை தீர்ந்த வரலாறு அம்மலையமான் நாட்டிலேயே நிகழ்ந்தது என்பது வியக்கத்தக்கது. மலையமான் நாடு என்பது மலாடு என மருவி வழங்கிற்று. திருக்கோவலூரிலிருந்து அம்மலாட்டை ஆண்டவர் மெய்ப்பொருள் நாயனார். காரிக்கும் நாயனாருக்கும் உள்ள குலத்தொடர்பு ஒருபுறம் நிற்க, நாடும் நகரும் ஒன்றே. பன்னிரண்டாம் நூற்றாண்டிற் சேக்கிழார் சுவாமிகள் அருளிய திருத்தொண்டர் புராணம் அவர் வரலாற்றை விரித்துரைக்கின்றது.

நாயனாரோடு பலகாற் பொருது தோற்ற முத்தநாதன் என்பான் போரால் வெல்லலாகாதென்று கண்டு, மெய்யெல்லாம் நீறு பூசிச் சடைமுடி கட்டி, புத்தகக் கவளிக்குள் படையை மறைத்து இரவிலே அரண்மனை புகுந்தான். எங்கும் இல்லாத சிவாகமம் ஒன்று கொணர்ந்தேன் என்றான். நாயனார் அவனை ஆசனத்தமர்த்தித் தாம் தரைமேலிருந்து கேட்கத் தாழ்ந்தனர். அவன் தான் நினைந்து வந்ததைச் செய்துவிட்டான். காவலனாகிய தத்தன் வாளோடு பாய்ந்தபொழுது, விழுகின்ற நிலையிலும் நாயனார் அவனைக் கையினால் தடுத்து, இவர் நம்மவர் என்றனர். ஊரார் அவனைக் கொல்லுமாறு சூழ்ந்த காலத்து அரசர் ஆணையைக் கூறி விலக்கி, அவனை ஊரெல்லை கடத்தித் தத்தன் மீண்டு வந்து சொல்லும் வரையில் நாயனார் உயிர் தாங்கியிருந்தனர்.

இவ்வரலாற்றைக் கொல்லிமலைச் செய்தியோடு ஒப்புநோக்குக. முன்னையதிற் கோவலூர்த் தலைவன் தன்னோடு பகையில்லாத ஒருவனைப் பிறர்பொருட்டுக் கொன்றான். பின்னையதிற் கோவலூர்த் தலைவர் தம்மைக் கொன்ற பகைவனைத் தம் ஏவலாளனைக் கொண்டே காத்தனர். முன்னையதில் வென்றவன் தெருவிற் புக ஊர் கலங்கிற்று. பின்னையதிற் கொன்றவன் தெருவிற் செல்ல ஊர் கொதித்தும் அடங்கிற்று. ஒரே நகரத்துத் தெருவாழ்வில் ஒரு கருத்து எத்துணை தூரம் மக்களை அழைத்துச் சென்றது! இதனினும் பெரிய வரலாற்று நிகழ்ச்சி யாது?

சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத்தொகையில் மெய்ப்பொருள் நாயனாரைக் குறிக்குங்கால், வெல்லுதலில் மிக வல்லவர் என்னும் பொருள்படப் போற்றினார். கொலையுண்டவரை வெற்றியாளர் என்றது எங்ஙனம்? பகைவரைப் பலகால் வென்றமை பற்றி என்பாருமுளர். அதுவும் பொருந்தும். ஆயினும், கல்லாடனார் கொல்லப்பட்ட ஓரிக்கு அழியாப் புகழை அடையாக்கிய அதே நெறியில், ஆளுடைய நம்பிகள் கொல்லப்பட்ட நாயனாருக்கு வெற்றியை அடையாக்கினார் எனக் கொள்ளுதல் சாலச் சிறப்புடைத்து. முன்னையது புகழின் வெற்றி; பின்னையது அன்பின் வெற்றி.

அஃதேல், கொலை செய்தவனைத் தண்டியாது விடுத்தல் அரசநீதியாகுமோ? அதனாற் குடிகட்குக் கேடன்றோ எனின், கூறுதும் என ஆன்றோர் விடுக்கும் விடை வருமாறு. குடிகளைக் காக்கும்பொருட்டு நாயனார் அப்பகைவனைப் போர்க்களத்திற் பலகால் எதிர்த்து வென்றவர். காவலில் அவர் தளர்ந்தவரல்லர். பிறர்க்குச் செய்யப்பட்ட தீங்கை அவர் பொறுத்தாரல்லர். தம் உயிருக்குச் செய்யப்பட்டதையே பொறுத்தனர். பிறர் கடனை விடுத்தற்கு எவர்க்கும் உரிமையில்லை. தன் கடனை விடுத்தற்கு ஒருவனுக்கு உரிமையுண்டு. இன்னும், நீறு பூசிய உடம்பொன்று அந்நகரத்து அரண்மனையில் வெட்டுண்டிருப்பின், மறுநாள் வீதியில் வரும் மெய்யடியார் ஒவ்வொருவரையும் ஊரார் ஐயுற்று நோக்கியிருப்பர். ஒருவன் செய்த வஞ்சத்தாற் பல்லாயிரவர் அணியும் திருவேடம் அச்சத்துக்கு இடமாகியிருக்கும். நாயனார் காத்தது முத்தநாதனை மட்டுமன்று. அவ்வேடத்தின்பால் மக்களுக்குள்ள நம்பிக்கையையும் காத்தனர். பொய்வேடத்தாரை ஆராயாது நம்புக என்பது இதன் கருத்தன்று. பொய்யன் ஒருவன்பொருட்டு மெய்யைப் பகைத்தல் ஆகாது என்பதே கருத்தாம்.

இனிக் கொல்லிமலைக்கே மீள்வது தகும். அம்மலைமேல் ஐயாற்றங்கரையில் அறப்பளீசுரர் திருக்கோயில் விளங்குகின்றது. ஏழாம் நூற்றாண்டில் எழுந்தருளியிருந்த திருநாவுக்கரசு சுவாமிகள் தமது அடைவு திருத்தாண்டகத்திற் பள்ளி என முடியும் தலங்களை அடைவுபடக் கூறுமிடத்துக் கொல்லி அறைப்பள்ளியையும் ஓதியருளினர். இதனால் அது வைப்புத்தலங்களுள் ஒன்றாயிற்று. அறை என்பது பாறை. பள்ளி என்பது தங்குமிடம். பிற்காலத்து வழக்கில் அப்பெயர் அறப்பள்ளி என நின்றது. அம்பலவாண கவிராயர் பாடிய அறப்பளீசுர சதகம் அத்தலத்து இறைவனை முன்னிலைப்படுத்தி இல்லறம், நட்பு, கொடை, அரசு முதலிய நீதிகளை நூறு செய்யுட்களால் எடுத்தோதுவது. பாறையின் பெயர் அறத்தின் பெயராய்த் திரிந்ததும், அப்பெயராலேயே நீதிநூல் ஒன்று எழுந்ததும் கருதி மகிழற்பாலன.

கொல்லி என்னும் சொல்லோ கொல்லும் இயல்புடையது எனப் பொருள்படும். காண்பாரைத் தன் நகையால் மயக்கிக் கொல்லும் பாவை உறைதலின் அப்பெயர் வந்ததென்பர். அப்பெயரே தேவாரப் பண்ணொன்றற்கும் பெயராயிற்று. அப்பர் சுவாமிகள் சூலைநோய் தீரத் திருவதிகையிற் பாடிய முதற்றிருப்பதிகம் அக்கொல்லிப் பண்ணில் அமைந்தது. கொல்லும் பெயர் நோய்தீர்க்கும் இசையின் பெயராயிற்று. மேலும், அறுக்கப்பட்ட மீன்கள் மீளப் பொருந்தி உயிர்பெற்று நீரிற் சென்றன என்பது அறப்பள்ளியில் வழங்கும் செவிவழிச் செய்தி. அறுத்ததைப் பொருத்துதல் அம்பாலும் வாளாலும் ஆவதன்று; அருளால் ஆவது.

மெய்கண்டதேவர் சிவஞானபோதத்தின் பன்னிரண்டாம் சூத்திரத்திலே, முத்தி பெற்றாரும் வழிபடற்பாலன இரண்டு என்றருளினர். ஒன்று மலம் நீங்கிய அடியாரின் திருவேடம்; மற்றொன்று சிவாலயம். இவ்விரண்டும் இவ்வரலாற்றில் அமைந்து கிடத்தல் காண்க. திருவேடத்தின் உண்மை கோவலூரில் விளங்கிற்று. ஆலயத்தின் உண்மை கொல்லியில் விளங்குகின்றது. கொன்றவன் நகரமும் கொல்லப்பட்டவன் மலையும் ஒரு சூத்திரத்தின் இருகண்களாயின. அச்சூத்திரம் அருளிச்செய்த ஆசிரியர் வாழ்ந்த திருவெண்ணெய்நல்லூரும் கோவலூரைச் சார்ந்த பெண்ணையாற்று நாட்டிலேயே உள்ளது.

இச்செய்திகளெல்லாம் நெடுங்காலம் ஏட்டுச்சுவடிகளில் அடங்கிக் கிடந்தன. திருவாவடுதுறை ஆதீனத்தில் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்களிடம் பாடங்கேட்ட உ. வே. சாமிநாதையர் 1889 இற் பத்துப்பாட்டையும் 1894 இற் புறநானூற்றையும் பதிப்பித்தனர். பின்னத்தூர் நாராயணசாமி ஐயரின் உரையோடு நற்றிணை 1915 இல் வெளிவந்தது. அதன்பின்னரே ஓரியின் பெயர் பள்ளிப் பிள்ளைகள் நாவிலும் பயில்வதாயிற்று. வேந்தர் பலர் கட்டிய அரண்கள் மண்ணாய்ப்போகச் சைவ மடமொன்றின் நிழலிற் கற்ற கல்வி ஓரியை மீட்டுக் கொடுத்தது.

இன்று கொல்லிமலைச் செம்மேட்டில் ஓரிக்குச் சிலை உண்டு. ஆடித்திங்களில் அவன் பெயரால் அரசு விழாவும் எடுக்கின்றது. அவனை வென்றவனுக்கோ, அம்மலையைப் பெற்ற சேரனுக்கோ அங்கு விழவில்லை. செய்யுளிற் கூறப்பட்ட பலா இன்றும் அம்மலையிற் காய்க்கின்றது. அம்மலைக்குடிகள் இன்றும் உழுகின்றனர். ஐயாறு அருவியாய் வீழ்கின்றது. அறப்பளீசுரர்க்குப் பூசை நடைபெறுகின்றது. விழாக் காணச் செல்வோர் ஓரியின் வில்லை மட்டும் கண்டு மீளுதல் நிரம்பாது. அவன் காட்டிடையே அளித்த கொடையையும், அக்கொடைக்கும் மேற்பட்டுக் கோவலூர் மன்னர் அளித்த பொறையையும், அவ்விரண்டுக்கும் மேலாய் நின்றருளும் அறப்பள்ளியானையும் நினைதல் வேண்டும்.

வில் வென்ற நாடு வில்லோடு போயிற்று. கொடை வென்ற புகழ் பாட்டில் நின்றது. அன்பு வென்ற வெற்றியோ பாட்டையும் கடந்து பிறவா நெறியிற் சேர்த்தது. மக்கள் வரலாறு எழுதப்புகுவார் இம்மூன்றையும் முறையே வைத்து எழுதுவாராயின், அவ்வரலாறு கற்பார்க்கு உறுதி பயப்பதாகும்.

சிவம்.